எழுத்தின் தர்தீப்



சீனத்துக்குச் சென்றேனும் கல்வியைத் தேடுமாறு கூறும் ஒரு வாசகம் நம் மேடைகளில் நெடுங்காலமாக நபிமொழியாகவே ஒலித்து வருகிறது. ஆண்டு விழா அழைப்பிதழ்களின் முகப்பிலும் அதை அச்சிடுகிறார்கள். ஹதீஸ் கலை வல்லுநர்களோ அதை ஏற்கவில்லை. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்றார்கள் இமாம் பைஹகீ (ரஹ்). இட்டுக்கட்டப்பட்டவற்றைத் தொகுத்த தமது நூலிலேயே அதைச் சேர்த்தார்கள் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்). கருத்து நல்லதுதான், கல்வியைத் தேடுவதில் யாருக்கு மறுப்பு? ஆனால் சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும், அது வந்து சேர்ந்த வழி செம்மையாக இல்லையெனில் நபியவர்களின் (ஸல்) பெயரோடு அதை இணைக்க நமக்கு உரிமை இல்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. இரண்டு ஆண்டுகளாக நான் சீன எழுத்துகளை எழுதப் பழகி வருகிறேன். கேள்விப்படுகிறவர்கள் எல்லாரும் அந்த வாசகத்தைச் சொல்லியே என்னைப் பாராட்டுகிறார்கள். ஒவ்வொருவரிடமும் திருத்தம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நான் பழகுவது அதன் பொருட்டு அன்று.

எங்கள் கம்மாபுரம் மக்தபில் ஓதிய மாணவர் ஒருவர் வணிகத்தின் பொருட்டுச் சீனத்தின் யீவூ நகருக்குப் போய்வருபவர். பொம்மை, பொத்தான், குடை என்று சில்லறைச் சரக்கு அனைத்தும் மொத்தமாகக் கிடைக்கும் சந்தை அங்கே இருக்கிறது. தமிழ்நாட்டு வணிகர் பலர் அங்கே செல்கின்றனர். ஒரு முறை விடுப்பில் வந்தபோது, ஹலால் உணவகங்களின் பலகையில் காணப்படும் இரண்டு எழுத்துகளைத் தாளில் வரைந்து காட்டினார். "ச்சிங் ஜென்" என்று படிக்க வேண்டுமாம். தூய்மை, உண்மை என்று பொருள். பள்ளிவாசலின் பெயரிலும் இவ்விரண்டு எழுத்துகளே முன்நிற்கும். அந்நாட்டு முஸ்லிம்கள் தம் மார்க்கத்தைக் குறிக்கத் தேர்ந்துகொண்ட சொல் அது. எழுதிப் பார்க்க ஆசை பிறந்தது. அடுத்த முறை வருகையில் சீனப் பிள்ளைகள் எழுதிப் பழகும் கட்ட நோட்டு ஒன்றை வாங்கி வந்தார். ஒவ்வொரு கட்டமும் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்டு நான்காகப் பகுக்கப்பட்டிருக்கும். வரப்பு வைத்த வயலைப் போன்ற தோற்றம். 'வயல்' என்பதற்கான சீன எழுத்தின் வடிவமும் அதுவே என்பதால் அந்தக் கட்டத்துக்கும் அதே பெயர்.

படம் பார்த்து வரைவதுபோல் வரைந்துவிடலாம் என்று எண்ணுவோருக்கு அந்த நோட்டு இடம் தருவதில்லை. ஒவ்வோர் எழுத்தின் மேலும் எந்தக் கோடு முதலில், எது அடுத்து என்று படிப்படியாக அச்சிட்டிருக்கிறார்கள். கிடைக்கோட்டுக்கு ஹெங், நெடுங்கோட்டுக்கு ஷூ, இடப்பக்கம் சரியும் கோட்டுக்குப் பியே, வலப்பக்கம் சரிவதற்கு நா, புள்ளிக்குத் தியென். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், குறுக்குக் கோட்டுக்குப் பின் நெடுங்கோடு என்பவை பொது விதிகள். 'பத்து' என்னும் எழுத்து நம் கூட்டல் குறியேதான். ஆனால் கிடைக்கோட்டைப் போட்ட பிறகே நெடுங்கோடு வர வேண்டும். 'வாய்' என்னும் எழுத்து சிறு சதுரம். நான்கு பக்கம் உடைய சதுரத்துக்கு நான்கு கோடு என்றுதான் நாம் கணக்கிடுவோம். அவர்களுக்கு மூன்று. இடப்பக்கச் சுவர் ஒன்று, மேற்கூரையும் வலப்பக்கச் சுவரும் கை எடுக்காமல் இழுக்கும் ஒரே கோடு, அடித்தளம் கடைசி. பெரிய சதுரத்துக்குள் வேறு எழுத்து அடங்கி நின்றால் அடித்தளம் இன்னும் காத்திருக்க வேண்டும். உள்ளே இருப்பதை எழுதி முடித்த பின்னரே சதுரம் மூடப்படும். ஆள் உள்ளே நுழைந்த பிறகு கதவைச் சாத்து என்று அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்களாம்.

எழுதி முடித்த பிறகு எந்தக் கோடு முதலில் வந்தது என்று யாருக்குத் தெரியும் என்னும் கேள்வி இயல்பாக எழும். என் மகளே அதைக் கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன விடையை ஓதும் பிள்ளைகள் எளிதில் புரிந்துகொள்வார்கள்: இது எழுத்தின் தர்தீப்.

உளூவில் முகம், கைகள், தலை, கால்கள் என்று வரிசை இருக்கிறது. கடலோர ஊர்களில் நிலவும் ஷாஃபிஈ மத்ஹபில் அந்த வரிசை ஃபர்ளு. வரிசை பிறழ்ந்தால் உளூவே கூடாது. எங்களைப் போன்ற உள்நாட்டு ஊர்களில் பெரிதும் பின்பற்றப்படும் ஹனஃபி மத்ஹபில் அது சுன்னத். காலை முதலில் கழுவியவருக்கும் உளூ கூடிவிடும். சுன்னத்தை விட்டவர் ஆவார். நனைந்த உறுப்புகளைப் பார்த்து எது முதலில் நனைந்தது என்று எவராலும் சொல்ல இயலாது. ஆயினும் இரு சாராரும் வரிசையைப் பேணியே உளூச் செய்கிறோம். முடிவைப் போலவே அதைச் சென்றடையும் வழியும் கற்பிக்கப்பட்டது என்பதால்தான்.

சீன எழுத்தின் வரிசையிலும் இத்தகைய கருத்து வேறுபாடு இருப்பதை அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'வலம்', 'இடம்' என்னும் இரண்டு எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மேற்பகுதி ஒன்றே: ஒரு கிடைக்கோடு, அதை வெட்டி இடப்பக்கம் இறங்கும் ஒரு சரிகோடு. சீனத்தில் இரண்டையும் கிடைக்கோட்டில் தொடங்குவார்கள். இதே எழுத்துகளைக் கடன் வாங்கிய ஜப்பானியர்கள் 'இடம்' எழுதும்போது கிடைக்கோட்டிலும் 'வலம்' எழுதும்போது சரிகோட்டிலும் தொடங்குவார்கள். தாளில் வேறுபாடு ஏறக்குறைய ஒன்றும் இல்லை. இருவரும் தத்தம் ஆசிரியரிடமிருந்து பெற்ற வழியில் நிற்கிறார்கள். 1997ஆம் ஆண்டில் சீன அரசு 7,000 எழுத்துகளுக்குக் கோட்டு வரிசையை வரையறுத்து வெளியிட்டது. மத்ஹபைப் போல் ஒரு நிலைபெற்ற வழக்கு உருவாகிவிட்டது எனலாம்.

வழக்கு என்பதற்காக மட்டும் அந்த வரிசை பேணப்படுவதில்லை. அதற்குப் பயனும் உண்டு. 'ச்சிங்' என்னும் எழுத்தின் இடப்பக்கத்தில் நீரைக் குறிக்கும் மூன்று சிறு கோடுகள் இருக்கும். முதல் இரண்டும் கீழ்நோக்கி விழும் துளிகள். மூன்றாவது மட்டும் கீழிருந்து மேல்நோக்கி வலப்பக்கமாகத் தெறிக்கும். ஏன் அப்படி என்று முதலில் விளங்கவில்லை. எழுதி எழுதிக் கை பழகிய பின்புதான், அடுத்து எழுத வேண்டிய வலப்பகுதி மேலே தொடங்குகிறது என்பதும், பேனாவை அங்கே கொண்டு சேர்க்கவே மூன்றாவது துளி மேலேறுகிறது என்பதும் புலப்பட்டன. வேகமாக எழுதும்போது கோடுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். வரிசை சரியாக இருந்தால்தான் அந்தக் கோவை பிறரால் படிக்கக்கூடியதாக இருக்கும். அவர்களுடைய கைப்பேசிகளில் ஐந்து வகைக் கோடுகளுக்கு ஐந்து விசைகள் வைத்துத் தட்டெழுதும் முறை ஒன்றும் உண்டு. வரிசை மாற்றித் தட்டினால் வேண்டிய எழுத்து வராது.

இந்த எழுத்துகளுள் என் மனத்தில் மிகவும் தங்கியது 'ஹுய்' என்பது. சதுரத்துக்குள் சதுரம். ஆறு கோடுகள். வெளிச் சதுரத்தின் இரண்டு கோடுகள், உள்ளே சிறு சதுரத்தின் மூன்று, இறுதியில் வெளிச் சதுரத்தின் அடித்தளம். பொருள், 'திரும்புதல்'. சீன மொழி பேசும் முஸ்லிம் சமுதாயத்தின் பெயரும் இதே எழுத்தால்தான் எழுதப்படுகிறது. பெயர்க் காரணத்தைப் பற்றி ஆய்வாளர்களிடையே பல விளக்கங்கள் உண்டு. நான் அதற்குள் செல்லவில்லை. ஜனாஸாச் செய்தி வரும்போதெல்லாம் நாம் உச்சரிக்கும் வார்த்தையில் 'அவனிடமே திரும்புபவர்கள்' என்று நம்மைக் குறிப்பிட்டுக்கொள்கிறோம் அல்லவா? அந்த எழுத்தின் கடைசிக் கோட்டை இழுக்கையில் அது நினைவுக்கு வராமல் போவதில்லை.

அந்த ஹுய் சமுதாயத்தில் பிறந்தவர்தான் செங் ஹே. 1405 முதல் 1433 வரை இந்துமாக்கடலில் சென்ற சீனப் பேரரசின் கப்பற்படைகளுக்குத் தலைமை தாங்கியவர்; தந்தையும் பாட்டனும் ஹாஜிகள். அவர் கொணர்ந்த கல்வெட்டு ஒன்று இலங்கையின் காலி நகரில் 1911ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1409ஆம் ஆண்டுக்குரியது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். பாரசீகப் பகுதி அரபி எழுத்தில் பொறிக்கப்பட்டது. ஒவ்வொரு மொழியும் வேறு சமயத்தாரை நோக்கிப் பேசுகிறது. மேலிருந்து கீழிறங்கும் எழுத்து, இடமிருந்து வலம் செல்லும் எழுத்து, வலமிருந்து இடம் செல்லும் எழுத்து ஆகிய மூன்றும் ஒரு கல்லில் அடங்கியதை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். இன்ஷா அல்லாஹ், ஒரு நாள் நேரில் காண வேண்டும். சீனம் நமக்கு அவ்வளவு அந்நியமும் அன்று. அடுப்படியில் சீனி, சீனச்சட்டி என்கிறோம். பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் நடக்கிறது.

இன்னோர் உறவும் இருக்கிறது. நம் முன்னோர் தமிழை அரபி எழுத்தில் எழுதினார்கள். தமிழின் தனி ஒலிகளுக்காக அரபி எழுத்துகளின் மேலும் கீழும் குறிகள் சேர்த்து அரபுத்தமிழ் என்னும் முறையை வளர்த்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களின் நூல்கள் பல அதில்தான் உள்ளன. ஹுய் முஸ்லிம்களும் சீன மொழியை அரபி எழுத்தில் எழுதும் முறை ஒன்றை வைத்திருந்தார்கள். மதரஸா மாணவர்கள் பாட விளக்கங்களை அதில் குறித்துக்கொள்வார்கள். இரண்டு சமுதாயமும் ஒன்றையொன்று பார்த்துச் செய்தவை அல்ல. இரண்டும் இன்று அருகி வருகின்றன. பழைய அரபுத்தமிழ்க் கிதாபுகள் எத்தனையோ வீடுகளின் பரண்களில் படிப்பாரின்றிக் கிடக்கின்றன.

இனி எங்கள் மக்தபுக்கு வருகிறேன். நம் மக்தபுகளில் பிள்ளைகள் குர்ஆன் ஓதக் கற்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். எழுதக் கற்பவர்கள் மிகக் குறைவு. மஃரிபுக்குப் பிறகு கிடைக்கும் நேரமே ஒரு மணிக்கும் குறைவு. அதிலும் ட்யூஷனுக்கு ஓடும் பிள்ளைகள் பாதி. "ஓதினால் போதாதா ஹஜ்ரத், எழுத்து எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர் பலர். அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் வாரத்தில் இரண்டு நாள் கால் மணி நேரத்தை எழுத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். எழுதிய எழுத்தைக் கண் மறப்பதில்லை என்பதே நான் கண்டது.

பள்ளிக்கூடத்தில் தமிழும் ஆங்கிலமும் எழுதிப் பழகிய கைகளுக்கு அரபியின் தர்தீப் எளிதில் வசப்படாது. 'பைத்' என்னும் சொல்லை எழுதச் சொன்னால், 'பே'யின் உடலைப் போட்டு உடனே கீழே புள்ளி வைப்பார்கள். பேனாவை எடுத்து, 'யே'யைப் போட்டு இரண்டு புள்ளி. மீண்டும் எடுத்து, 'தே'. தமிழில் ஒவ்வொரு மெய்க்கும் அப்போதே புள்ளி வைத்துப் பழகிய கை அது. சொல் மூன்று துண்டுகளாகிவிடும். முறையோ வேறு. முதலில் மூன்று எழுத்தின் உடலையும் ஒரே இழுப்பில் எழுத வேண்டும், அதன் பிறகு வலமிருந்து இடமாகப் புள்ளிகள், இறுதியில் ஹரகத்துகள். தொடக்க கால முஸ்ஹஃபுகளில் புள்ளிகள் அரிதாகவே இருந்தன, ஹரகத்துகள் இல்லை. அபுல் அஸ்வத் துஅலீ (ரஹ்), கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) போன்ற பெரியோர்களின் உழைப்பால் பின்னர் வந்தவையே நாம் காணும் உயிர்க்குறிகள். நம் பழைய ஓலைச்சுவடிகளிலும் பெரும்பாலும் புள்ளி கிடையாது. உடல் மட்டும் இருக்கும் எழுத்தைப் படிக்க, ஓதிக் கொடுத்த ஆசிரியர் ஒருவர் தேவைப்பட்டார்.

எழுத்து வகுப்பில் எட்டு வயது மாணவன் ஒருவன். பிறவியிலேயே இடக்கைப் பழக்கம். நன்னி அதட்டி அதட்டி வலக்கையால் உண்ணப் பழக்கிவிட்டார். உண்பதில் நபியவர்களின் (ஸல்) கட்டளை தெளிவானது. அதில் பேச்சுக்கு இடமில்லை. எழுத்துதான் சிக்கலாயிற்று. பள்ளிக்கூடத்தில் இடக்கையால் எழுதியதற்காக ஒருவர் அவனை அடித்ததாகக் கேள்வி. அத்தா என்னிடம் வந்து, "குர்ஆன் எழுத்தையாச்சும் சோத்துக் கையால எழுதட்டும் ஹஜ்ரத். அடிச்சாவது மாத்திடுங்க" என்றார். வலக்கையால் எழுதச் சொன்னால் பையனின் எழுத்து நடுங்கும். நோட்டை மூடி மடியில் வைத்துக்கொள்வான். ஓதுவதற்கும் வாய் திறக்க மாட்டான். அந்த மாதத்தில் நான்கு நாட்கள் வரவும் இல்லை.

நற்காரியங்களை வலப்புறமிருந்து தொடங்குவதை நபியவர்கள் (ஸல்) விரும்பினார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். எழுதுவதும் நற்காரியமே, இயன்றவர் வலக்கையால் எழுதுவதே சிறப்பு. ஆனால் படைப்பிலேயே இடக்கை வலுவாக அமைந்த பிள்ளை அதனால் எழுதுவது ஹராம் என்று நான் ஓதிய கிதாப் எதிலும் கண்டதில்லை. இவ்வளவு சொன்னாலும் அத்தாவின் மனம் ஆறவில்லை.

அன்றிரவு சீன நோட்டை எடுத்து இடக்கையால் எழுதிப் பார்த்தேன். அவன் கை படும் பாட்டை அறிய வேண்டியிருந்தது. கிடைக்கோடு இடமிருந்து வலம் போகிறது. வலக்கை அதை இழுக்கிறது. இடக்கையோ தள்ளுகிறது, தள்ளப்படும் பேனா முனை தாளைக் குத்துகிறது. எழுதிய கோட்டின் மீதே கை ஊர்ந்து மையைப் பூசுகிறது. சீனத்தின் கோட்டு வரிசை வலக்கையை மனத்தில் வைத்தே அமைந்தது என்பது பத்துக் கட்டங்களுக்குள் தெரிந்துவிட்டது. தமிழும் ஆங்கிலமும் செல்லும் திசையும் அதுவே. பிறகு அதே இடக்கையால் 'பிஸ்மி' எழுதினேன். வடிவம் கோணல்தான். ஆனால் கை இழுத்துச் சென்றது. எழுதிய பகுதி வலப்பக்கம் தங்கிவிட, கை வெறுந்தாளின் மீது நகர்ந்தது. நாணல் பேனாவின் வாயை எதிர்ச்சரிவாகச் சீவிவிட்டால் தடிப்பும் மெலிவும்கூட ஓரளவு ஒழுங்காக வரும்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளின் கைகளைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். வலக்கைப் பிள்ளைகள் எல்லாருக்கும் சுண்டுவிரல் ஓரத்தில் பென்சில் கரி. அவன் கை மட்டும் சுத்தமாக இருந்தது. பிள்ளைகள் அதை ஒரு விந்தையைப் போல் பார்த்தார்கள். அவனும் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

அத்தாவை அழைத்து, நோட்டை முன்னால் வைத்து எழுதிக் காட்டினேன். இப்னு முக்லாவைப் பற்றியும் சொன்னேன். அப்பாஸிய வசீர், ஹிஜ்ரி 328இல் மறைந்தவர். நாணல் பேனாவின் ஒரு புள்ளியை அளவாகக் கொண்டு அலிஃபின் உயரத்தையும் ஏனைய எழுத்துகளின் விகிதத்தையும் வகுத்தவர். நாம் இன்று எழுதும் எழுத்தழகு அவரிடமிருந்தே முறைப்பட்டது. அரசியல் சூழ்ச்சியில் அவருடைய வலக்கை துண்டிக்கப்பட்டது. அதன் பின்னும், வெட்டுண்ட கையில் பேனாவைக் கட்டிக்கொண்டு எழுதினார் என்றும் இடக்கையால் எழுதினார் என்றும் வரலாற்றாசிரியர்கள் குறிக்கிறார்கள். அத்தா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எழுத்து நல்லா வருதா?" என்று மட்டும் கேட்டார். நோட்டைக் காட்டினேன்.

இப்போது எங்களுக்குள் ஓர் உடன்பாடு. உண்பது, முஸ்ஹஃபை எடுப்பது, கொடுப்பது, வாங்குவது எல்லாம் வலக்கையால். பென்சில் மட்டும் இடக்கையில். புள்ளிகளைக் கடைசியில் வைக்கும் தர்தீபை வகுப்பில் முதலில் பிடித்துக்கொண்டவன் அவன்தான். நன்னி இன்னும் சம்மதிக்கவில்லை. என்னைத் தெருவில் கண்டால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பதில் ஸலாம் மட்டும் சொல்கிறார். போன வாரம் பையன் என் சீன நோட்டைப் பார்த்துத் தனக்கும் ஓர் எழுத்துச் சொல்லித் தரக் கேட்டான். 'வாய்' எழுதிக் காட்டினேன். மூன்று கோடுகளில் எது முதலில் என்று கேட்டுவிட்டுத்தான் பென்சிலை வைத்தான்.